அனுமதி கேளாத கண்கள்



 

மதீனாவில் ஒருநாள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இல்லத்தினுள் இருந்தார்கள். அவர்களுடைய கையில் தலையைக் கோதுகின்ற இரும்புச் சீப்பு ஒன்று இருந்தது. அவ்வேளையில் ஒரு மனிதர் வந்து, அறையின் துவாரம் ஒன்றின் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அதை அறிந்துகொண்ட அண்ணலார், நீர் பார்த்துக் கொண்டிருக்கின்றீர் என்பது முன்பே தெரிந்திருந்தால் இச்சீப்பினாலேயே உமது கண்ணைக் குத்தியிருப்பேன் என்று கடிந்துரைத்தார்கள். வீட்டினுள் நுழைய அனுமதி கேட்க வேண்டும் என்னும் சட்டம் வகுக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்பதையும் அவ்விடத்திலேயே விளக்கினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

தாயிஃபில் தம்மைக் கல்லால் அடித்தவர்களுக்காகப் பிரார்த்தித்த மாநபி, ஒரு துவாரத்தின் வழியே பார்த்தவரிடம் இத்தனை கடுமையாகப் பேசியிருக்கின்றார்கள். அந்த மனிதர் எதையும் திருடவில்லை. கதவை உடைக்கவில்லை. வீட்டினுள் கால் வைக்கவும் இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் மானம் களவு போவதற்கு அந்தப் பார்வை ஒன்றே போதும் என்பதனால்தான் அந்தக் கடுமை.

அக்காலத்து மதீனாவின் வீடுகளுக்குப் பெரும்பாலும் திரைச்சீலைகள் இல்லை. எனவே அண்ணலார் பிறர் இல்லத்திற்குச் சென்றால் வாசலுக்கு நேர் எதிரே நிற்க மாட்டார்கள். வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி நின்று ஸலாம் கூறுவார்கள். இதனை அப்துல்லாஹ் பின் புஸ்ர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் காண்கின்றோம். இன்று நம் வீடுகளில் இரட்டைக் கதவும் இரும்புக் கம்பியும் திரையும் இருக்கின்றன. ஆனால் குடும்பத்தின் இரகசியம் அந்தக் கதவுக்குப் பின்னால் இல்லை. சட்டைப் பையில் இருக்கின்றது. மனைவியின் மருத்துவ அறிக்கை, மகளின் புகைப்படம், வங்கிக் கணக்கு, கடன் விவரம், சகோதரனோடு நடந்த பாகப்பிரிவினைப் பேச்சு ஆகிய அனைத்தும் கைப்பேசி என்னும் அந்தச் சிறிய பெட்டிக்குள் அடங்கிவிட்டன. எனவே துவாரத்தின் வழியே எட்டிப் பார்ப்பதும் அந்தப் பெட்டிக்குத்தான் இடம் மாறியிருக்கின்றது. இன்றைய ஜும்ஆவில் இதனைப் பற்றியே பேச விழைகின்றேன்.

ஹேக்கர் என்ற சொல்லை நம் இளைஞர்கள் வியப்போடு உச்சரிக்கின்றார்கள். அச்சொல்லின் வரலாறு திருட்டில் தொடங்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பொம்மை இரயில் பாதை அமைத்து விளையாடிய மாணவர் சங்கம் ஒன்றில்தான் அது இப்பொருளில் வழக்கிற்கு வந்தது. ஓர் இயந்திரத்தின் உள்ளமைப்பைத் துருவி அறிந்து, அதைச் செய்தவரே எதிர்பாராத வேலையை அதனிடம் வாங்குகின்ற கெட்டிக்காரத்தனத்தையே அவர்கள் அவ்வாறு அழைத்தனர். அல்லாஹ் மனிதனுக்கு வழங்கிய ஆராயும் அறிவின் ஒரு கிளைதான் அது; அதில் பழுதொன்றும் இல்லை.

பழுது எங்கே நுழைகின்றது? 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் தாம் எழுதிய நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். சேதம் விளைவிப்பது தம் நோக்கமில்லை என்று பின்னர் கூறினார். ஆனால் அந்நிரல் அவர் கைக்கு அடங்காமல் பெருகி, அன்றைய சிறிய இணையத்தில் ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. 1990இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேர சமூக சேவையும், அபராதமும் விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் அதே மாசசூசெட்ஸ் கழகத்தில் பேராசிரியரானார். அறிவு ஒன்றேதான், ஒருமுறை அனுமதியின்றிப் பிறர் வீட்டினுள் நுழைந்தது, மறுமுறை அனுமதியோடு வகுப்பறையில் நின்றது.

அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்களில் அல்லாஹ் இடும் கட்டளையை எண்ணிப் பாருங்கள். பிறர் வீடுகளில் அனுமதி பெற்று, ஸலாம் கூறாதவரை நுழையக் கூடாது. வீட்டில் எவரும் இல்லையென்றாலும் அனுமதி கிடைக்கும்வரை நுழையக் கூடாது. திரும்பிச் செல்லுங்கள் எனக் கூறப்பட்டால் மனத்தாங்கல் இன்றித் திரும்பிவிட வேண்டும். இன்று உலகின் பெரிய நிறுவனங்கள் தம் கணினி அமைப்பில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடித்துத் தருமாறு திறமையுள்ள இளைஞர்களை முன்கூட்டியே அழைத்து, கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசும் வழங்குகின்றன. நம் பிள்ளைகளுள் அத்துறையில் நாட்டமுடையோர் இருப்பின், தாராளமாகப் படிக்கட்டும். அது ஹலாலான சம்பாத்தியம். ஆனால் பூட்டு பலவீனமாக இருந்தது, அதனால் திறந்தேன் என்ற வாதத்தை மார்க்கமும் ஏற்காது, சட்டமும் ஏற்காது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, தீய நோக்கோடு பிறர் கணினியில் அனுமதியின்றிப் புகுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஊடுருவல் என்றாலே ஏதோ மாய வித்தை என்று நாம் அஞ்சுகின்றோம். அமெரிக்காவில் தேடப்பட்டு 1995இல் பிடிபட்ட கெவின் மிட்னிக், விடுதலையான பின் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்நாட்டு செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். தாம் கணினியின் பூட்டை உடைப்பதைவிட, தொலைபேசியில் பேசி மனிதர்களை ஏமாற்றிக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கியதே மிகுதி என்ற பொருள்பட அவர் கூறினார். இன்று நம் ஊர் முதியவரிடம் வங்கி அதிகாரி எனச் சொல்லிக்கொண்டு ஓடிபி எண்ணைக் கேட்பவன் செய்வதும் அதுவே. கதவை நாமே திறந்து கொடுக்கின்றோம்.

வீட்டிற்குள்ளும் இந்த ஒழுக்கம் தேவைப்படுகின்றது. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் பருவமடையாத பிள்ளைகளும் பணியாட்களும்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கின்றது. ஒரே கூரையின் கீழ் வாழ்வோர்க்கே இப்படி எல்லை வகுத்த மார்க்கம் நம்முடையது. மனைவி உறங்கியதும் அவளுடைய கைப்பேசியை எடுத்துத் துழாவும் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் அவனுடைய வாட்ஸ்அப்பைத் தன் கணினியில் இணைத்து வைக்கும் மனைவியும் எந்த வசனத்தின்படி நடக்கின்றார்கள்? சிறு பிள்ளைகளின் கைப்பேசியைப் பெற்றோர் மேற்பார்வையிடுவது வேறு, அது பொறுப்பு. ஆனால் அதையும் பிள்ளைக்குத் தெரியும்படி, வெளிப்படையாகச் செய்யுங்கள். ஒளிந்து வேவு பார்க்கப்படும் பிள்ளை ஒளித்து வைக்கவே கற்றுக்கொள்ளும்.

தன் சகோதரனின் கடிதத்தை அவனுடைய அனுமதியின்றிப் பார்ப்பவன் நெருப்பையே பார்க்கின்றான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று அபூதாவூத் இமாமே அதன் கீழ் குறித்திருக்கின்றார்கள்; ஆகவே நான் அதை ஆதாரமாக வைக்கவில்லை. துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் நேரடியாகவே தடுத்திருக்கும்போது வேறு ஆதாரம் எதற்கு? இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் ஒருவர் அழைத்து வரப்பட்டு, இவருடைய தாடியிலிருந்து மது சொட்டுகின்றது எனப் புகார் கூறப்பட்டபோது, வேவு பார்ப்பது எங்களுக்குத் தடுக்கப்பட்டுள்ளது. எங்கள் முன் வெளிப்படையாகத் தெரிவதைக் கொண்டே நாங்கள் நடவடிக்கை எடுப்போம் என்று அன்னார் பதிலளித்தார்கள்.

நல்லடியார்களே! தனிமனிதன் ஒருவன் எட்டிப் பார்ப்பது ஒரு வகை. நாம் மனமுவந்து அளிக்கும் ஒப்புதலின் பேரில் ஒரு பெரு நிறுவனம் நம் சுற்றத்தார் அனைவரையும் எட்டிப் பார்ப்பது வேறொரு வகை. 2018 மார்ச் மாதம் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தைப் பலரும் மறந்திருப்பீர்கள். பேஸ்புக்கில் ஒருவரின் குணநலனைச் சோதித்துச் சொல்வதாக ஒரு கேள்வி-பதில் செயலி உலவியது. அதில் சேர்ந்தவர்களின் விவரங்களோடு, அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்த்தே உறிஞ்சப்பட்டு, தேர்தல் பிரச்சாரத் தொழில் செய்யும் அந்த நிறுவனத்திடம் சென்றன. உலகெங்கும் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே அறிவித்தது. 2019இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அந்நிறுவனத்திற்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

அந்தப் பெரிய எண்களை விடுங்கள். நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். அவர்களால் பாதிப்புக்குள்ளாகியிருக்கக் கூடியவர்கள் என பேஸ்புக் தந்த எண்ணிக்கை 5,62,455. எஞ்சிய ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எந்தக் கேள்விக்கும் விடையளிக்கவில்லை, எதற்கும் ஒப்புதல் தரவில்லை. செயலியின் பெயரைக்கூட அறியார். அவர்கள் செய்ததெல்லாம், அந்த 335 பேரில் ஒருவரை நம்பி நண்பராக ஏற்றுக்கொண்டது மட்டுமே.

இதைத்தான் அமானிதம் என்கின்றோம். ஒருவர் நம்மிடம் பேசும்போது, வேறு எவரேனும் கேட்கின்றனரா என இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், அப்பேச்சு அமானிதமாகிவிடுகின்றது என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. இரகசியம் என்று அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை. நம் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களின் பட்டியல் நம்முடைய சொத்தா? அதில் விதவைச் சகோதரி ஒருத்தியின் எண் இருக்கின்றது, மருத்துவரின் எண் இருக்கின்றது, கடன் கொடுத்தவரின் எண் இருக்கின்றது. கடனுக்கான செயலியோ விளையாட்டுச் செயலியோ அப்பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கையில், படிக்காமலேயே சம்மதம் எனப் பெருவிரலால் அழுத்திவிடுகின்றோம். கடன் தவணை தவறியதும் அச்செயலிக்காரர்கள் பட்டியலில் உள்ள உறவினர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து அவமானப்படுத்திய நிகழ்வுகள் நம் மாநிலத்திலும் நடந்திருக்கின்றன.

தொழுகை நேரம் காட்டும் செயலியிலும் கவனம் வேண்டும் என்று சொன்னால் சிலருக்கு மனம் வருந்தலாம். 2020 நவம்பரில் வெளியான ஒரு புலனாய்வுச் செய்தி முஸ்லிம் உலகை உலுக்கியது. பாங்கு நேரமும் கிப்லா திசையும் காட்டும் ‘முஸ்லிம் ப்ரோ’ என்ற செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிட விவரம் எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்திற்குச் சென்றதும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவத்திற்குப் பணிபுரியும் ஒப்பந்தக்காரர்கள் இருந்ததும் தெரிய வந்தன. செய்தி வெளியானதும், இராணுவத்திற்கு விற்றதாகக் கூறப்படுவதை மறுத்த செயலி நிர்வாகம், தரவு நிறுவனங்களுடனான தொடர்பைத் துண்டித்துவிட்டதாக அறிவித்தது. பெயரை மாற்றிக்கொண்ட அந்த வியாபார நிறுவனத்திற்கு, வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்குச் செல்வோரின் இருப்பிட விவரத்தை விற்கக் கூடாது என 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் தடை விதித்தது. கிப்லாவை நோக்கித் திரும்பியவன் நின்ற இடமே விலைபோயிருக்கின்றது. இலவசமாகக் கிடைக்கும் செயலி எதைக் கொண்டு பிழைக்கின்றது என ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

இனி, தகவல் கசிவு என்னும் விஷயத்திற்கு வருகின்றேன். இரகசியத்தை வெளியிடுவது எல்லா நிலையிலும் பாவமா என்று ஓர் இளைஞர் கேட்டால் என்ன சொல்வது? இதற்கு நிதானமான பதில் தேவை.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்காவை நோக்கிப் புறப்பட அண்ணலார் ஆயத்தமானபோது, பத்ருப் போரில் பங்கேற்ற ஹாதிப் பின் அபீ பல்தஆ (ரலி) அவர்கள் அச்செய்தியைக் கடிதமாக எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்து குறைஷியருக்கு அனுப்பினார்கள். வஹீயின் மூலம் அறிந்த நபியவர்கள் அலீ, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகியோரை ரவ்ளா காஃக் என்ற இடத்திற்கு அனுப்ப, அப்பெண்ணின் கூந்தலிலிருந்து கடிதம் மீட்கப்பட்டது. உமர் (ரலி) அவர்கள் ஹாதிபின் தலையைக் கொய்ய அனுமதி கோரினார்கள். அண்ணலாரோ முதலில் ஹாதிபை அழைத்து, இது என்ன என வினவினார்கள். மக்காவிலுள்ள தம் குடும்பத்தைக் காக்க அங்கே தமக்கு உறவினர் எவருமில்லை, குறைஷியருக்கு ஓர் உதவி செய்தால் அவர்களைக் காப்பாற்றலாம் என எண்ணியதாக அவர் உரைத்தார். அண்ணலார் அவர் உண்மையே பேசுகின்றார் எனக் கூறி, பத்ருவாசி என்பதையும் கருதி மன்னித்தார்கள். அல்மும்தஹனா அத்தியாயத்தின் முதல் வசனம் இதையொட்டியே இறங்கியது. செயல் தவறு என்று அது கண்டித்தது. வெளியானால் உயிர்கள் போகும் இரகசியத்தை, சொந்த நன்மைக்காக வெளியிடுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பது இதனால் தெளிவு. குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்மொழியைக் கேட்காமல் தீர்ப்புரைக்கக் கூடாது என்பதும் இதனால் தெளிவு.

ஆனால் அநீதி இழைக்கப்பட்டவர் அந்த அநீதியை உரக்கச் சொல்வதற்கு அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனம் இடமளித்திருக்கின்றது. 2011 ஆகஸ்ட் முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், நியூயார்க் நகரக் காவல்துறையின் உள் ஆவணங்களைக் கொண்டு ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. காவல்துறையின் தனிப் பிரிவு ஒன்று, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத முஸ்லிம்கள் எங்கே உண்கின்றார்கள், எங்கே தொழுகின்றார்கள், எந்தக் கடையில் பொருள் வாங்குகின்றார்கள் என்று பட்டியலிட்டு வந்தது. பள்ளிவாசல்களுக்குள் உளவாளிகள் அமர்ந்திருந்தனர். ஆறு ஆண்டு காலத்தில் அப்பிரிவின் வேலையால் ஒரு பயங்கரவாத விசாரணைக்கான துப்புகூடக் கிடைக்கவில்லை என்று 2012இல் உயர் அதிகாரி ஒருவரே வாக்குமூலம் அளித்தார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. அந்த ஆவணங்கள் கசியாதிருந்தால் அந்த அநீதி இன்றும் தொடர்ந்திருக்கக் கூடும். மக்களின் குறைகளைத் துருவத் தொடங்கினால் அவர்களை நீர் கெடுத்துவிடுவீர் என்று அண்ணலார் முஆவியா (ரலி) அவர்களிடம் கூறியதை அபூதாவூதில் படிக்கும்போது, அது ஆட்சிக்கு வரவிருந்த ஒருவருக்குச் சொல்லப்பட்ட சொல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பாருங்கள். 2007இல் பாக்தாதில் அமெரிக்க ஹெலிகாப்டர் பொதுமக்களையும் செய்தியாளர் இருவரையும் சுட்டுக் கொன்ற காட்சியை 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது உலகமே அதிர்ந்தது. அதில் நியாயம் இருந்தது. அதே விக்கிலீக்ஸ் 2015இல் சவூதி அரேபிய வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணங்களைக் கொட்டியபோது, அவற்றினிடையே சாதாரண நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளும், வன்கொடுமைக்கு உள்ளானவர்களின் பெயர்களும் மறைக்கப்படாமல் கிடந்ததை அடுத்த ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் எடுத்துக்காட்டியது. அந்த நோயாளி எந்த நாட்டின் மீது குண்டு வீசினார்? அரசன் மறைக்கும் அநீதியும் ஏழை மறைக்கும் நோவும் இரகசியம் என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுவதால்தான் இக்குழப்பம் விளைகின்றது. அதிகாரத்தில் இருப்போர் பிறருக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்க வெளியிடுவது சாட்சியம். எளியவரின் அந்தரங்கத்தை வெளியிடுவது, எந்தப் பெயரில் செய்தாலும், அந்தத் துவாரத்தில் கண் வைத்தவரின் வேலைதான்.

சகோதரர்களே! இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள். இனி நாம் நாள்தோறும் செய்வதைப் பேசுவோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்ட அந்த ஒரு மாத காலத்தை நினைத்துப் பாருங்கள். அச்செய்தியை உருவாக்கியவர்கள் நயவஞ்சகர்கள். ஆனால் அதைச் சுமந்து திரிந்தவர்களில் நல்ல முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதே அந்நிகழ்வின் வேதனை. அறிவே இல்லாத ஒன்றை நாவுக்கு நாவு வாங்கிப் பரப்பினீர்கள், அதை இலேசானதாகக் கருதினீர்கள், அல்லாஹ்விடத்திலோ அது மிகப் பெரியது என்ற கருத்தில் அந்நூர் 15ஆம் வசனம் கண்டித்தது. ஜஹ்ஷின் புதல்வியர் இருவரின் நிலையை இங்கே ஒப்பிட வேண்டும். அவர்களுள் ஸைனப் (ரலி) அவர்கள் அண்ணலாரின் மனைவி. ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நிகராக அண்ணலாரிடம் மதிப்புப் பெற்றிருந்தவர். சக்களத்தியைப் பற்றி நபியவர்களே கருத்துக் கேட்டபோது ஒரு சொல் போதும், வேறு எதுவும் வேண்டாம். ஆனால் அவர் தம் காதையும் கண்ணையும் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவைப் பற்றி நல்லதைத் தவிர எதையும் அறியாததாகவும் கூறிவிட்டார். அவருடைய சகோதரி ஹம்னாவோ, அவருக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டு அதே செய்தியைப் பரப்பி, தண்டனைக்கு உரியவர்களுள் ஒருவரானார். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்கும் ஒரே செய்திதான் வந்து சேர்ந்தது.

2018ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்ததைக் கேளுங்கள். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டனர் என வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்துகொண்டிருந்தன. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக அவர் அடித்துக் கொல்லப்பட்டார்; உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொளிகளுள் ஒன்றில், இருசக்கர வாகனத்தில் வருவோர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். அது கராச்சியில் பெற்றோரின் விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம். இறுதியில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, குழந்தைகளைக் கவனமாகப் பாருங்கள் என்ற பொருளில் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். எவனோ ஒருவன் அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டான். மற்ற வேலையை நல்ல மனிதர்களே செய்து முடித்தனர். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதவாறு கட்டுப்பாடு கொண்டு வந்தது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதுமானது என அண்ணலார் எச்சரித்ததை நாம் பின்பற்றியிருந்தால் அந்நிறுவனத்தின் கட்டுப்பாடு நமக்குத் தேவைப்பட்டிராது.

தாய்மார்களே, இப்போது நான் சொல்லவிருப்பது உங்களைப் பற்றியது. ஆனால் கேட்க வேண்டியவர்கள் இந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் ஆண்கள்.

2021 ஜூலையிலும், பின்னர் 2022 ஜனவரி முதல் நாளிலும் நம் நாட்டு முஸ்லிம் பெண்களின் படங்களை ஒரு செயலியில் இட்டு, அவர்களை ஏலம் விடுவதாகக் காட்டினார்கள். பத்திரிகையாளர்கள், மாணவிகள், வழக்கறிஞர்கள், சமூகப் பணியாளர்கள் எனப் பலர். உண்மையில் எவரும் விற்கப்படவில்லை, அவமானப்படுத்துவதே நோக்கம். இரண்டாவது வழக்கில் கைதானவர்களுள் பலர் இளைஞர்கள். அவர்களுள் பொறியியல் மாணவர்களும் இருந்தனர். இப்படங்களை எடுக்க எந்தப் பூட்டையும் அவர்கள் உடைக்க வேண்டியிருக்கவில்லை. அப்பெண்களின் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது நம்மவர்களுள் சிலர் பேசிய பேச்சு எனக்கு அந்தச் செயலியைவிட அதிகமாகவே வலித்தது. படம் போடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்றார்கள். ஹிஜாபைப் பற்றிய பயானுக்கு வேறு ஒருநாள் உண்டு. ஒரு பெண் அவமானப்படுத்தப்பட்ட நாள் அதற்குரிய நாள் இல்லை. துவாரத்தின் வழியே பார்த்தவரை அண்ணலார் கடிந்தார்களே தவிர, சுவரில் துவாரம் ஏன் இருக்கின்றது என்று வீட்டாரைக் கேட்கவில்லை. இன்னும் சிலர், பாருங்கள் இந்த அநியாயத்தை என்று கூறி அதே திரைப்படிவத்தை, முகமும் பெயரும் தெரிய, குழுவுக்குக் குழு அனுப்பினார்கள். அனுதாபத்தோடு அனுப்பினாலும் அந்த ஏலத்தின் பார்வையாளர் எண்ணிக்கையைத்தான் அவர்கள் கூட்டினார்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவருக்கு அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் திரையிடுவான் என்ற வாக்குறுதி முஸ்லிமில் உள்ளது. குறையே இல்லாதவளின் மானத்தை மறைப்பதற்கு எத்தகைய கூலி இருக்கும்!

நம் பிள்ளைகளின் நிலையும் இதுவே. இன்று யாருடைய முகத்தையும் வேறு உடலோடு பொருத்தி உண்மையான படம் போலவே ஆக்கிவிட முடிகின்றது; அதற்குப் பெரிய திறமையும் தேவையில்லை. கல்லூரி செல்லும் மகளுக்கு அப்படி ஒரு படத்தை அனுப்பி, பணம் தா, இல்லையேல் உன் தந்தைக்கு அனுப்புவேன் என்று ஒருவன் மிரட்டுகின்றான் என வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய முழு பலமும் ‘உன் தந்தைக்கு அனுப்புவேன்’ என்ற அந்த ஒரு மிரட்டலில்தான் இருக்கின்றது. தகப்பன்மார்களே! உங்கள் மகள் அஞ்சுவது அவனுக்கா, உங்களுக்கா? இன்று வீட்டிற்குச் சென்றதும், உணவுக்கு முன்பே, பிள்ளைகளை அமர வைத்துச் சொல்லுங்கள்: எவன் எந்தப் படத்தைக் காட்டி மிரட்டினாலும் முதலில் வாப்பாவிடம் வா, நான் கோபப்பட மாட்டேன், கைப்பேசியைப் பறிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன். இதை மகனிடமும் சொல்லுங்கள். மிரட்டப்படுவோரில் ஆண் பிள்ளைகளும் இருக்கின்றார்கள்.

அதன் பின் செய்ய வேண்டியவை எளியவை. பணம் அனுப்ப வேண்டாம். மிரட்டல் செய்திகளை அழிக்க வேண்டாம், அவை சான்று. இணையவழிக் குற்றங்களுக்கான மத்திய அரசின் உதவி எண் 1930. பணம் பறிபோயிருந்தால் எவ்வளவு விரைவில் அழைக்கின்றோமோ அவ்வளவுக்கு அது அடுத்த கணக்கிற்கு மாறாமல் முடக்கப்பட வாய்ப்புண்டு. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவருடைய சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காவல் நிலையம் செல்லத் தயங்கும் குடும்பங்கள் தனியே செல்ல வேண்டியதில்லை. நிர்வாகிகளுள் ஒருவரும், பெண்கள் மதரஸாவின் ஆசிரியை ஒருவரும் உடன் வருவார்கள். எவருடைய விவகாரம் என்பது அவ்விருவரைத் தாண்டி இந்தப் பள்ளிவாசலிலும் எவருக்கும் தெரியாது.

1930 என்ற அந்த எண்ணைச் செருப்பு வைக்கும் இடத்திற்கு மேலுள்ள பலகையிலும், பெண்கள் பகுதியின் வாயிலிலும் எழுதி வைத்திருக்கின்றோம். வெளியே செல்லும்போது குறித்துக்கொள்ளுங்கள். அரபுக் குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. ஸுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.